இருவர் போகும் வண்டியைப் பின் சீட்டில் உட்கார்ந்து தேர்ந்தெடுப்போம்

வண்டி வாங்கும் வீடுகளில் விலை, மைலேஜ், கலர், ரீசேல் என்று எல்லாவற்றையும் பேசி முடித்துவிடுவார்கள். ஷோரூமில் ஓட்டப்போகிறவர் ஏறி உட்கார்ந்து, ஹேண்டில்பாரைப் பிடித்து, கால் தரையில் எட்டுகிறதா என்று பார்ப்பார். தினமும் பின்னால் உட்காரப்போகிறவர் கைப்பையோடு பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார். டெலிவரி எடுத்து, பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, வீட்டுக்குத் திரும்பும்போதுதான் அவர் அந்த சீட்டில் முதல்முறையாக உட்காருவார். பல வருஷம் அவர் முதுகும் முழங்காலும் தாங்கப்போகிற சீட்டு அது.

நான் சேலத்தில் இருக்கிறேன். எனக்கு ஓட்டத் தெரியும். ஆனாலும் என் பயணத்தில் பெரும்பகுதி பின் சீட்டில்தான். அப்பாவின் வண்டி, அண்ணனின் வண்டி, இப்போது கணவரின் வண்டி என்று பலவிதமான சீட்டுகள் எனக்குப் பழக்கம். அதனால் இந்த ஒப்பீட்டைப் பின்னால் உட்காருகிறவர் பக்கம் நின்றே எழுதுகிறேன். ஓட்டுகிறவருக்கு எந்த வண்டி நல்லது என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இதை வெறும் சௌகரியப் பிரச்சினை என்று தள்ளிவிடவும் முடியாது. 2022-இல் இந்தியாவில் ஹெல்மெட் அணியாமல் விபத்தில் இறந்தவர்கள் 50,029 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கை. அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள்.

முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

சீட்டு தட்டையாக இருக்கிறதா, பின்னாலிருந்து முன்பக்கம் சரிகிறதா? சரிவாக இருந்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் வழுக்கிப்போய் ஓட்டுகிறவர் முதுகில் மோதுவோம். அவரும் நம் எடையைக் கையில் தாங்கிக்கொண்டுதான் ஓட்டவேண்டியிருக்கும். அடுத்தது ஃபுட்ரெஸ்ட். அது மிக உயரத்தில் இருந்தால் முழங்கால் மடங்கியே இருக்கும், அரை மணி நேரத்தில் தொடை இறுகிவிடும். அப்புறம் பின்னால் இருக்கும் பிடிகம்பி. உள்ளங்கை முழுவதும் நுழைந்து இறுக்கிப் பிடிக்கும்படி இருக்கிறதா, அழகுக்காக இரண்டு விரல் அகலத்தில் வைத்திருக்கிறார்களா? கடைசியாக, ஏறி இறங்குவது. இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. வயதானவர்களுக்கோ முதலில் பார்க்கவேண்டியதே இதுதான்.

பிடிகம்பி, ஃபுட்ரெஸ்ட், சேலை சக்கரத்தில் சிக்காமல் இருக்கப் பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு (சாரி கார்டு) ஆகிய மூன்றும் 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே கட்டாயம். விதி எண் 123. ஷோரூமில் இவை கூடுதல் பொருள் மாதிரி பில்லில் ஏறினால் தைரியமாகக் கேள்வி கேளுங்கள்.

ஸ்கூட்டரா, 100 சிசி பைக்கா?

பெரும்பாலான வீடுகளில் உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் நடுவில்தான். ஒரு பக்கம் ஆக்டிவா, ஜூபிடர், ஆக்சஸ். இன்னொரு பக்கம் ஸ்பிளெண்டர், பிளாட்டினா, ஷைன்.

ஏறி இறங்குவதில் ஸ்கூட்டருக்கு ஈடே இல்லை. ஆக்டிவா 6ஜி சுமார் 106 கிலோதான். சீட்டு உயரமும் குறைவு. முழங்கால் வலி உள்ள என் மாமியார் யார் கையையும் பிடிக்காமல் ஏறுவது ஸ்கூட்டரில் மட்டும்தான். பின்சக்கரத்தின் பெரும்பகுதி பாடிக்குள் மறைந்திருப்பதால் சேலையோ துப்பட்டாவோ சிக்கும் வாய்ப்பும் குறைவு. வெளியே ஓடும் செயினும் கிடையாது. சைலன்சர் பெரும்பாலும் தாழ்வாக, கவசம் போட்டு இருக்கும். இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தாலும் கெண்டைக்காலில் சூடு படுவது அரிது.

சரி, அப்படியானால் ஸ்கூட்டரே வாங்கிவிடலாமே என்றால், சாலை குறுக்கே வருகிறது. ஆக்டிவாவின் முன்சக்கரம் 12 அங்குலம், பின்சக்கரம் 10 அங்குலம். ஸ்பிளெண்டரில் இரண்டுமே 18 அங்குலம். 18 அங்குலச் சக்கரம் உருண்டு கடந்துவிடும் பள்ளத்தில் 10 அங்குலச் சக்கரம் இறங்கி ஏறும். அந்த அதிர்ச்சி நேராகப் பின் சீட்டுக்குத்தான் வரும், ஏனென்றால் பின்னால் உட்காருகிறவர் ஏறக்குறைய பின்சக்கரத்தின் அச்சுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறார். இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஸ்கூட்டரில் எஞ்சினும் பின்சக்கரமும் ஒரே துண்டாக மேலும் கீழும் அசையும். சக்கரத்தோடு சேர்ந்து அசைகிற எடை கூடக்கூட மேட்டுப்பள்ளத்தை அணைத்துப்போவது ஷாக் அப்சார்பருக்குக் கஷ்டம். பெரும்பாலான 110 சிசி ஸ்கூட்டர்களில் பின்னால் ஒரே ஒரு ஷாக் அப்சார்பர்தான் வேறு. 100 சிசி பைக்கில் எஞ்சின் நடுவில், சேஸிஸில் நிற்கிறது. பின்னால் இரண்டு ஷாக் அப்சார்பர்கள். கேபிளுக்கும் குழாய்க்கும் மாறி மாறித் தோண்டிப் போட்ட தெருவில் தினமும் போகிறவருக்கு இந்த வித்தியாசம் ஒரே வாரத்தில் இடுப்பில் தெரிந்துவிடும்.

ஸ்கூட்டர்தான் வேண்டும் என்றால் இரண்டு சக்கரமும் 12 அங்குலம் உள்ளதாகப் பாருங்கள். ஜூபிடர் அப்படிப்பட்டது. இரண்டு அங்குலம் சின்ன விஷயம் மாதிரித் தோன்றும். பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் அப்படித் தோன்றாது. புதிய ஜூபிடரின் சீட்டுக்கு அடியில் இரண்டு ஹெல்மெட் வைக்கலாம் என்பதும் சேர்ந்துகொள்கிறது. பின்னால் வருகிறவர் ஹெல்மெட் போடாமல் இருக்க வீட்டில் சொல்லும் முதல் காரணம், ‘இறங்கினதும் இதை எங்கே தூக்கிட்டு அலையறது?’ என்பதுதான். வைக்க இடம் இருந்தால் அந்தப் பேச்சே எழாது.

பைக்குக்கும் ஒரு குறை உண்டு. ஸ்பிளெண்டர் மாதிரி வண்டிகளின் சீட்டு நீளமாக, தட்டையாக, இரண்டு பேருக்கென்றே செய்தது போல இருக்கும். ஆனால் அதில் சரியாக உட்காரக் காலைத் தூக்கிப் போட வேண்டும். சேலை கட்டியவர்களுக்கு அது முடியாது. முழங்கால் தேய்ந்தவர்களுக்கும் முடியாது. முடியாது என்றதும் ஒரு பக்கமாக உட்காருவார்கள். அங்கேதான் உண்மையான ஆபத்து தொடங்குகிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

என் தீர்ப்பு இது. பின்னால் உட்காரப்போகிறவர் அறுபது வயதைத் தாண்டியவர் அல்லது பெரும்பாலும் சேலை கட்டுகிறவர், தூரம் ஏழெட்டு கிலோமீட்டருக்குள் என்றால் 12 அங்குலச் சக்கர ஸ்கூட்டர். சுடிதார் அல்லது பேன்ட் போட்டு, தினமும் பதினைந்து இருபது கிலோமீட்டர், அதுவும் ஊர்ச்சாலையில் போகிறவர் என்றால் 100 முதல் 125 சிசி பைக். ஸ்டைலாக இல்லை என்று பையன்கள் முகம் சுளிப்பார்கள். பின்னால் உட்காருகிறவர் தேர்ந்தெடுத்தால் ஸ்பிளெண்டரும் பிளாட்டினாவும் இன்னும் அதிகமாக விற்கும் என்றே நினைக்கிறேன்.

புல்லட் வகை

‘லாங் போகணும், பொண்டாட்டிக்கு சௌகரியமா இருக்கணும்’ என்று சொல்லிக்கொண்டுதான் நிறையப் பேர் 350 சிசி வாங்குகிறார்கள். நெடுஞ்சாலையில் அது பாதி உண்மை. கனமான வண்டி காற்றில் ஆடாது. லாரி பக்கத்தில் கடக்கும்போது பின்னால் இருப்பவருக்கு வயிறு கலங்காது. சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு ஈ.சி.ஆரில் போகும் சுமார் 150 கிலோமீட்டர் மாதிரி நேர்ச்சாலையில் இந்த நிதானம் பெரிய வரம்.

மீதிப் பாதி வண்டி நிற்கும்போது தெரியும். கிளாசிக் 350-இன் எடை 195 கிலோ. இடது ஃபுட்ரெஸ்டில் ஒருவர் முழு எடையையும் வைத்து ஏறும்போது வண்டி இடப்பக்கம் சாய்கிறது. 112 கிலோ ஸ்பிளெண்டரை ஓட்டுகிறவர் ஒரு காலால் தாங்கிவிடுவார். 195 கிலோவைச் சரிவான இடத்தில் தாங்குவது எல்லோராலும் முடிகிற காரியமில்லை. பின் சீட்டும் பார்க்கும் அளவுக்கு அகலமில்லை. கிளாசிக்கில் அது தனியாகக் கழற்றக்கூடிய சின்ன சீட்டு. முதுகுச் சாய்மானம் தனியாக வாங்கிப் போட்டால்தான் நீண்ட பயணத்துக்கு உதவும். அதைப் போட்டுவிட்டால் காலைத் தூக்கி ஏறுவது இன்னும் கொஞ்சம் கஷ்டம். மெட்டியோர் 350-இல் சீட்டு தாழ்வு, உட்காரும் நிலையும் பின்னவருக்கு இதமானது. இந்த வகையில் இரண்டு பேருக்கென்று வாங்குவதானால் அதைத்தான் சொல்வேன்.

இந்த வண்டிகளை வாங்கியதும் முதல் வேலையாகச் சாரி கார்டைக் கழற்றி வீசுகிற பழக்கம் இருக்கிறது. ‘லுக்’ கெடுகிறதாம். என்ன லுக்? உங்கள் பின்னால் உட்காருகிறவரின் சேலைத் தலைப்புக்கும் சுழலும் சக்கரத்துக்கும் நடுவே இருப்பது அந்த ஒரு கம்பிதான். துப்பட்டா சக்கரத்தில் சுற்றிக் கழுத்து இறுகிய விபத்துகள் நம் நாட்டு மருத்துவ இதழ்களில் தனி வகைக் காயமாகவே பதிவாகியிருக்கின்றன. கழற்றாதீர்கள். கழற்றியிருந்தால் நாளைக்கே மாட்டுங்கள்.

ஸ்போர்ட்ஸ் பைக்

ஆர்15, டியூக், என்.எஸ்.200 போன்றவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பின் சீட்டு உயரத்தில், சின்னதாக, முன்பக்கம் சரிந்து இருக்கும். ஃபுட்ரெஸ்ட் மேலே. பிடிக்க இடம் குறைவு. ஒரு ஆள் ஓட்ட நல்ல வண்டிகள். தினமும் ஒருவரை ஏற்றிப் போக வேண்டும் என்று தெரிந்தே இவற்றை வாங்குவது, அந்த ஒருவரைக் கணக்கில் எடுக்காமல் வாங்குவதுதான்.

எக்ஸ்.எல். நினைவில் இருக்கட்டும்

கிராமத்துப் பக்கம் டி.வி.எஸ். எக்ஸ்.எல். இல்லாத தெருவே கிடையாது. எடை 90 கிலோவுக்குள், 16 அங்குலச் சக்கரம், கியர் கிடையாது, முன்னால் மூட்டை வைக்க இடம். தோட்டத்துக்கும் சந்தைக்கும் வயதான தம்பதி நிதானமாகப் போய்வர இதைவிட ஏற்ற வண்டி எனக்குத் தெரியவில்லை. ஆனால் இருவரோடு மேம்பாலம் ஏறுவதும், பைபாஸில் லாரிகளுக்கு நடுவே போவதும் இதற்கு ஏற்றதல்ல. எஞ்சின் 100 சிசிதான் என்றாலும் இழுவையும் வேகமும் அதற்காகச் செய்யப்பட்டவையல்ல.

எலக்ட்ரிக் ஸ்கூட்டர்

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் தயாராகி ஊர் முழுக்க ஓடும் எலக்ட்ரிக் ஸ்கூட்டர்களில் பின்னவருக்கு இரண்டு நல்ல விஷயங்கள் உண்டு. எஞ்சின் அதிர்வு இல்லை, சைலன்சர் சூடு இல்லை. சிக்னலில் நிற்கும்போது காலுக்கடியில் எதுவும் தடதடக்காது.

கவனிக்க வேண்டியது இழுப்பு. பெட்ரோல் வண்டி மெல்ல வேகமெடுக்கும். மின்மோட்டார் ஆக்சிலரேட்டரைத் திருகிய அந்தக் கணமே முழு விசையையும் கொடுக்கும். ஓட்டுகிறவர் கையில் ஹேண்டில்பார் இருக்கிறது, அவருக்குத் தெரியாது. பின்னால் கையில் டிபன் பையோடு உட்கார்ந்திருப்பவர் பின்பக்கம் சாய்ந்துவிடுவார். அதனால் எலக்ட்ரிக்கில் இரண்டு விதி. முதுகுச் சாய்மானம் போடுங்கள், பின்னால் ஆள் இருக்கும்போது இழுப்பு குறைவான ‘எக்கோ’ (Eco) மோடிலேயே ஓட்டுங்கள். மாடல்களுக்குள்ளும் பெரிய வித்தியாசம் உண்டு. ஏதரின் 450 குறுகலான சீட்டோடு ஓட்டுகிறவருக்காகச் செய்த வண்டி. அதே நிறுவனம் 2024-இல் கொண்டுவந்த ரிஸ்டா அகலமான, நீளமான சீட்டோடு குடும்பத்துக்கென்று செய்தது. பேட்டரியையும் ரேஞ்சையும் மட்டும் ஒப்பிட்டால் இது கண்ணில் படாது.

ஒரு பக்கமாகவா, இரண்டு பக்கம் கால் போட்டா?

எந்த வண்டி வாங்குகிறோம் என்பதைவிட இந்தத் தேர்வு முக்கியம் என்று நான் நம்புகிறேன்.

இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தால் தொடைகள் சீட்டை அணைத்துக்கொள்ளும், இரண்டு பாதமும் ஊன்றியிருக்கும். திடீர் பிரேக்கில் உடம்பைக் காலால் நிறுத்தலாம். வளைவில் வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே நம் உடம்பும் தானாகச் சாயும். ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலையில் 70. அங்கே பின்னால் இருப்பவர் எதிர்ப்பக்கம் சாய்ந்தால் ஓட்டுகிறவர் ஒவ்வொரு வளைவிலும் வண்டியோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

ஒரு பக்கமாக உட்காரும்போது இதில் எதுவுமே கிடையாது. இரண்டு காலும் இடப்பக்கம் தொங்கும், எடை ஒரு பக்கம் ஏறும். அதைச் சரிக்கட்ட ஓட்டுகிறவர் தன்னையறியாமலே வலப்பக்கம் சாய்ந்து ஓட்டுவார். பிரேக் அடித்தால் உடம்பு பக்கவாட்டில் வழுக்கும். ஸ்பீட் பிரேக்கரில் தூக்கிப்போட்டால் பிடித்துக்கொள்ள ஒரு கைதான் மிச்சம், இன்னொரு கையில் பையோ குழந்தையோ இருக்கும். பின்பக்கமாக விழுந்தால் முதலில் தரையில் படுவது தலையும் முதுகெலும்பும்.

சேலை கட்டுகிற அம்மாக்களிடம் போய் நாளை முதல் காலைத் தூக்கிப் போடுங்கள் என்று சொல்ல முடியாது. எனக்குத் தெரியும். ஆனால் தினமும் வேலைக்குப் போகிறவர்கள், முடிந்தவர்கள், மாறலாம். சேலைதான் யூனிஃபார்ம் என்றால் அது வேறு. அப்படி ஒரு பக்கமாகத்தான் உட்கார வேண்டும் என்றால் ஸ்கூட்டரைத் தேர்ந்தெடுங்கள். தலைப்பைச் சுற்றி இடுப்பில் செருகுங்கள். இரண்டு பாதத்தையும் தொங்கவிடாமல் ஃபுட்ரெஸ்டில் ஊன்றுங்கள். ஒரு கை பிடிகம்பியில், இன்னொரு கை ஓட்டுகிறவர் இடுப்பில். மடியில் குழந்தை வேண்டாம். ஓட்டுகிறவர் 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவே கூடாது. மலைப்பாதைக்கும் பைபாஸுக்கும் இந்த உட்காரும் முறை எந்த நிபந்தனையிலும் சரிப்படாது. பஸ்ஸில் போய்விடுங்கள்.

குழந்தை பின்னால் வந்தால்

ஸ்கூட்டரை ஆதரிக்கிறவர்கள் சொல்லும் ஒரு சௌகரியத்தை நான் ஏற்கவில்லை. அது முன்னால் குழந்தையை நிற்கவைக்கும் இடம். பிரேக் அடித்தால் குழந்தையின் முகம் நேராக ஹேண்டில்பாரில்தான் மோதும். 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்பு வாரும் வேண்டும், வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. 4 வயதைத் தாண்டியவர் எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு. சென்னையில் 2022 மே மாதம் பின்னால் இருப்பவர்களையும் பிடிக்கத் தொடங்கியபோது பலர் அதைப் புதுச் சட்டம் என்று நினைத்துக் கோபப்பட்டார்கள். சட்டம் முன்பே இருந்ததுதான்.

பாலிசியைப் பிரித்துப் படியுங்கள்

எந்த வண்டி வாங்கினாலும் இது பொருந்தும். பலருக்கும் தெரியாததால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2018 செப்டம்பர் முதல் புது இருசக்கர வண்டிக்கு 5 ஆண்டு தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம். வண்டியின் சொந்தச் சேதத்துக்கான பாலிசியோ பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குத்தான் இருக்கும். இரண்டாம் வருஷம், ‘அதான் அஞ்சு வருஷத்துக்கு இருக்கே’ என்று விட்டுவிடுகிறோம். அப்போது கையில் மிஞ்சுவது வெறும் தேர்ட் பார்ட்டி. பின்னால் இலவசமாக ஏறி வருகிறவரை வெறும் சட்டக் கட்டாயப் பாலிசி தானாகக் காப்பதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் சொல்லிவிட்டது. அதாவது ரோட்டில் போகும் முன்பின் தெரியாதவருக்கு இருக்கும் பாதுகாப்பு, உங்கள் பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவிக்கோ அம்மாவுக்கோ இல்லாமல் போகலாம். தேர்ட் பார்ட்டியும் சொந்தச் சேதமும் சேர்ந்த முழுமையான பேக்கேஜ் பாலிசிகள் பின்னால் வருபவருக்கான பொறுப்பையும் ஏற்கும் என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2009-இல் தெளிவுபடுத்தியது.

15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு இருக்கிறதே என்று நினைக்கலாம். அது வண்டியின் உரிமையாளராக இருந்து ஓட்டுகிறவருக்கு மட்டும். பின்னால் வருபவருக்கு ‘பில்லியன் ரைடர்’ விபத்துக் காப்பீடு என்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். ஷோரூமில் கலர் கலராக ஸ்டிக்கர் ஒட்டச் செலவழிக்கும் பணத்தை இதற்கு ஒதுக்கலாம்.

இருக்கிற வண்டியையே வைத்துக்கொள்வதும் ஒரு வழி

எல்லோராலும் புது வண்டி வாங்க முடியாது, தேவையும் இல்லை. பின் சீட்டு வலியில் ஒரு பங்கு பராமரிப்பில் வருவது. ஸ்பிளெண்டரில் பின் ஷாக் அப்சார்பரை 5 நிலைகளில் இறுக்கலாம், ஆக்டிவா 6ஜியில் 3 நிலை உண்டு. தனியாக ஓட்டும் நிலையிலேயே விட்டுவிட்டு இருவர் போனால் பெரிய பள்ளத்தில் அது அடி வரை இறங்கி முட்டும், இடுப்பில் ‘டங்’கென்று விழும். சர்வீஸ் விடும்போது ‘எப்பவும் டபுள்ஸ்தான் போவோம், அதுக்குத் தகுந்த மாதிரி வையுங்க’ என்று மெக்கானிக்கிடம் சொன்னால் இரண்டு நிமிஷ வேலை.

காற்றும் அப்படித்தான். பின் டயருக்குத் தனியாகப் போனால் 29, இருவர் போனால் 36 என்று எழுதியிருக்கும் ஸ்கூட்டர்கள் உண்டு. உங்கள் வண்டியின் அளவு ஓனர்ஸ் மேனுவலில் இருக்கும். பெட்ரோல் பங்கில் பையன் கேட்காமலே ஏதோ ஒரு அளவில் அடித்துவிடுவான், நீங்கள்தான் எண்ணைச் சொல்ல வேண்டும். சீட்டின் ஸ்பாஞ்ச் அமுங்கிப்போயிருந்தால் சீட் கவர் கடையில் புதிதாக வைத்துத் தருவார்கள். அப்போது கடைக்குப் பின் சீட்டுக்காரரையும் கூட்டிப்போங்கள். எவ்வளவு மெத்து, எவ்வளவு உயரம் என்று அவர் உட்கார்ந்து பார்த்துச் சொல்லட்டும். முன்பக்கச் சரிவு இருந்தால் அதையும் அங்கேயே தட்டையாக்கிக்கொள்ளலாம்.